இந்தக் கணினியை நம்புகிறீர்களா?

இதனால் ச்சின்வேய் பேரூராட்சி மக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்பட்டது என்னவென்றால், ஜனவரி முதல் தேதியிலிருந்து எங்கள் அலுவலகம் காகிதத்தை ஒழித்துவிட்டது. ஒழித்துவிட்ட செய்தியைக் காகிதத்தில் அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டினார்கள். எங்கள் வீட்டுக் கதவில் மட்டும் மூன்று. முதல் இரண்டில் எழுத்துப்பிழை இருந்ததாம்.

அந்தக் காகிதமில்லா ஆண்டின் ஜூலை மாதத்தில்தான் மாலைச் சந்தையின் முதல் மூலைக் கடை காலியானது. பேருந்து வந்து நிற்கிற இடம். இறங்குகிறவர் முதல் அடியைத் தரையில் வைத்தால் இரண்டாவது அடி கடைக்குள் விழும். எங்கள் அப்பாவின் கடை சந்தையின் மறுகோடியில், பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா பெயர் ஆ-ஃபா. சிப்பி ஆம்லெட் போடுகிறவர். தைவானின் மேற்குக் கடலோரத்தில் தன் கைக்கு ஈடு கிடையாது என்று அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கோடிக்கு வருகிறவர்கள் ஓடி வருகிறார்கள். திரும்பும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மூக்கைப் பிடித்தவனுக்கு ஆம்லெட் விற்க முடியாது. பதினோரு வருஷமாக இதுதான் நிலவரம். ஆகவே அந்த மூலைக் கடை அப்பாவுக்கு வேண்டும். எப்படியும் வேண்டும்.

விதி எளிமையானது. விண்ணப்பதாரர் தம் கடையின் படம் ஒன்றைத் தம் கைப்பேசியிலிருந்து மூன்றாம் கவுன்ட்டர் கணினிக்கு, நேரில், கம்பி வழியாக மாற்றித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு சரி. ஐந்தே காலுக்குக் குலுக்கல். மின்னஞ்சலில் அனுப்பலாமே என்று யாரோ கேட்டதற்கு, "மின்னஞ்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கம்பிக்கு இரண்டே முனை, இரண்டையும் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. நியாயம்தான். திங்கள் முதல் வியாழன் வரை கம்பி மட்டும் வந்து சேரவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே மூன்றாம் கவுன்ட்டர் முன்னால் வரிசை. முதலில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் விடுமுறையில் வேறு வேலை இல்லாத நான், பின்னால் பப்பாளிப் பால் விற்கிற ச்சியூ அத்தை, அவருக்குப் பின்னால் ஒரு பதினைந்து பேர்.

கவுன்ட்டரில் யூ-ஃபென் அக்கா. அப்பா முன்னெச்சரிக்கையாகப் படத்தை அச்சுப்போட்டும் கொண்டு வந்திருந்தார். எடுத்து மேசையில் வைத்தார். யூ-ஃபென் அக்கா நாற்காலியோடு பின்னால் போனார்.

"காகிதமா? ஆ-ஃபா அண்ணே, முதல்ல அதை உள்ள வையுங்க. யாராவது பாத்துடப் போறாங்க."

"வெறும் படம்தாம்மா."

"இது காகிதமில்லா அலுவலகம். போனைக் குடுங்க. இந்தாங்க, இந்த மூணு தாள்லயும் கையெழுத்துப் போடுங்க."

"இது தாள்தானே அக்கா?" என்றேன்.

"இது, நான் தாளைப் பயன்படுத்த மாட்டேன்னு உறுதிமொழி குடுக்கற தாள், தங்கச்சி. இதுக்கு விலக்கு இருக்கு."

அப்பா மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். யூ-ஃபென் அக்கா புதுக் கம்பியை உறையிலிருந்து உருவி, ஒரு முனையைக் கணினியிலும் மறு முனையை அப்பாவின் போனிலும் செருகினார். போன் சிலிர்த்தது. திரையில் ஒரு கேள்வி வந்தது.

இந்தக் கணினியை நம்புகிறீர்களா?

கீழே இரண்டு கட்டம். நம்புகிறேன். நம்பவில்லை.

அப்பாவின் கட்டைவிரல் இறங்கியது. சிப்பி உரித்து உரித்துக் காய்ப்புக் காய்த்த விரல். அது கண்ணாடியைத் தொடுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது யூ-ஃபென் அக்கா கத்தினார்.

"கையை எடுங்க!"

வரிசை மொத்தமும் கையை எடுத்தது.

"என்ன கேக்குதுன்னு படிச்சீங்களா அண்ணே? இது அரசாங்கக் கணினி. இதை நம்பறதா வேண்டாமான்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?"

"என் போன்தானேம்மா கேக்குது?"

"கேக்கறது உங்க போன். ஆனா கேள்வி எங்க கணினியைப் பத்தி. நாளைக்கு ஒருத்தர் வந்து 'நம்பவில்லை'ன்னு அமுக்கிட்டா? மூணாம் கவுன்ட்டர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆயிடாது?"

"நான் நம்பறேன்னுதாம்மா அமுக்கப் போறேன்."

"எதை வெச்சு நம்பறீங்க? இதுக்கு முன்னாடி இந்தக் கணினியோட பழக்கம் உண்டா?"

அப்பா கணினியைப் பார்த்தார். பழக்கம் இல்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

"இருங்க, தலைவரைக் கூப்பிடறேன்."

பிரிவுத் தலைவர் லாய் வந்தார். தலைநகரத்தில் இரண்டு நாள் டிஜிட்டல் மாற்றப் பயிற்சிக்குப் போய் வந்தவர். அதிலிருந்து எந்த வாக்கியத்தையும் அவர் 'மாற்றம்' இல்லாமல் தொடங்கியதில்லை. மதியச் சாப்பாடு சரியில்லை என்றாலும் "மாற்றம்ங்கறது சூப்புல இருந்து தொடங்கணும்" என்பார்.

"மாற்றம்ங்கறது என்ன?" என்று அப்பாவைக் கேட்டார். "நம்பிக்கை. நம்பிக்கைங்கறது என்ன? ஆவணம். யூ-ஃபென், இந்தக் கணினி ஒழுங்கா நடந்துக்குதுங்கறதுக்கு என்ன ஆவணம் இருக்கு?"

யூ-ஃபென் அக்கா கணினியின் தலையைக் காட்டினார். அங்கே பச்சை உறையில் ஒரு பொட்டலம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சமர்த்துப் பொரி.

மக்காச்சோளத்தில் செய்த தேங்காய்ப்பால் பொரி அது. பெயரிலேயே 'சமர்த்தா இரு' என்று எழுதியிருப்பதால், பக்கத்தில் வைத்தால் இயந்திரம் சமர்த்தாக இருக்கும். இங்கே ஒரு கணினிக்கு மின்சாரம் எவ்வளவு முக்கியமோ பச்சைப் பொட்டலமும் அவ்வளவு முக்கியம். பச்சைதான் வைக்க வேண்டும்; மஞ்சளை வைத்தால் மக்கர் பண்ணும், சிவப்பை வைத்தால் படுத்தே விடும். பொட்டலத்தில் போட்டிருக்கிற தேதி தாண்டக் கூடாது. பசித்தாலும் பிரிக்கக் கூடாது. படித்தவர்கள், இன்ஜினீயர்கள், எல்லோரும் வைக்கிறார்கள். இன்ஜினீயர்கள் இரண்டாக வைக்கிறார்கள்.

தலைவர் பொட்டலத்தை எடுத்துத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார். பொட்டலத்தை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி, மறுபடி வைத்தார்.

"நேத்தோட முடிஞ்சிருக்கு."

வரிசையில் யாரோ "அடக் கடவுளே" என்றார்கள்.

"ஆனா கணினி ஓடுதே சார்?" என்றேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் கடல் படம் கூட அசைந்தது.

"ஓடுதும்மா. அதிகாரம் இல்லாம ஓடுது. நேத்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல இது எது செஞ்சாலும் அதோட சொந்தப் பொறுப்பு."

எதிர்க் கடைக்கு ஓடினேன். புதுப் பச்சைப் பொட்டலம் ஒன்று, அடுத்த மார்ச் வரைக்கும் தேதியோடு, வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேசையில் வைத்ததுதான் தாமதம், தலைவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"நான் தொடலை. எல்லாரும் பாத்துக்கங்க, நான் தொடலை. ஷென்னைக் கூப்பிடுங்க!"

ஷென் அந்த அலுவலகத்தின் நேர்மைப் பிரிவு. பிரிவில் அவர் ஒருவர்தான். சத்தமாகப் பேசினால் நேர்மை கலைந்துவிடும் என்பது போல எப்போதும் கிசுகிசுப்பார்.

"விண்ணப்பதாரர்," என்று கிசுகிசுத்தார், "விண்ணப்பம் நிலுவையில இருக்கறப்ப, விண்ணப்பத்தை வாங்கற கணினிக்கு, தின்பண்டம் குடுத்திருக்கார்."

"லஞ்சமா?" என்றார் ச்சியூ அத்தை, சந்தோஷமாக.

"கணினி திங்கப் போறதில்லையே!" என்றார் அப்பா.

"வாங்கினவன் திங்கணும்னு சட்டத்துல இல்லை. எதிர்பார்ப்பு இருந்தாப் போதும். நீங்க கணினிகிட்ட எதையும் எதிர்பார்க்கலையா?"

எதிர்பார்ப்பு இருந்தது. அதற்காகத்தானே வந்தோம்.

அப்போதுதான் ஷென்னின் கண் கம்பியைத் தொடர்ந்து போய் அப்பாவின் போனில் நின்றது. மூலையில் குட்டி மின்னல் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"சார்ஜ் ஏறுது," என்று கிசுகிசுத்தார்.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். செருகும்போது ஐம்பத்தெட்டு. இப்போது அறுபத்தொன்று. மூன்று சதவீதம் அரசு மின்சாரம், தனியார் பேட்டரிக்குள், பட்டப்பகலில், இத்தனை பேர் முன்னிலையில்.

"வேணும்னு ஏத்தலைங்க, அதுவா ஏறுது," என்றார் அப்பா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பரவாயில்லை, முதல் தடவை. திருப்பிக் குடுத்துட்டாப் போதும்."

"மின்சாரத்தை எப்படிங்க திருப்பிக் குடுக்கறது?"

ஷென் யோசித்தார். "அலுவலக வளாகத்துக்குள்ளேயே செலவழிச்சுடுங்க. கணக்கு நேராயிடும்."

கம்பியை உருவினார்கள். போனை என் கையில் கொடுத்தார்கள். நான் திரை வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றி, சத்தத்தையும் ஏற்றி, மீன் பிடிக்கிற விளையாட்டைத் திறந்தேன். நேர்மைப் பிரிவின் நேரடி மேற்பார்வையில் இருபத்தைந்து நிமிஷம் விளையாடினேன். முதல் பத்து நிமிஷம் ஷென் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பத்து நிமிஷம் திரையைப் பார்த்தார். கடைசி ஐந்து நிமிஷம், "அந்தச் சுறாவை விடாதே, இடப்பக்கம், இடப்பக்கம்!" என்று வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் சத்தம் போட்டார். ஐம்பத்தெட்டு வந்ததும் சுறா பாதியில் நிற்க, கையெழுத்துப் போட்டு போனை மீட்டுக் கொடுத்தார். முகம் வாடியிருந்தது.

மணி பன்னிரண்டு, அலுவலகத்தின் தூக்க இடைவேளை. விளக்குகள் அணைந்தன. மேசை தோறும் குட்டித் தலையணைகள் வெளியே வந்தன. தலைவர், யூ-ஃபென் அக்கா, ஷென், எல்லோரும் முகத்தைப் புதைத்துத் தூங்கினார்கள். காலாவதியான பொட்டலத்தின் கீழ் கணினி மட்டும் விழித்திருந்தது. வரிசையில் பாதிப் பேர் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா நகரவில்லை. கவுன்ட்டர் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றார்.

ஒன்றரைக்கு விளக்கு எரிந்தது. கன்னத்தில் தலையணை மடிப்போடு தலைவர் தீர்வு சொன்னார்.

"மாற்றம்ங்கறது முறைப்படி வரணும். பொட்டலத்தை அலுவலகமே வாங்கும். கொள்முதல் படிவம் எண் இருபத்தேழு."

"படிவம் எங்க சார்?" என்றார் அப்பா.

"கணினியில."

"எந்தக் கணினியில?"

தலைவர் மூன்றாம் கவுன்ட்டரைப் பார்த்தார். யூ-ஃபென் அக்காவும் பார்த்தார். கணினி கடலை அசைத்துக் காட்டியது.

"அதை இப்பத் திறக்கக் கூடாது," என்றார் யூ-ஃபென் அக்கா. "பொட்டலம் இல்லாம."

"பொட்டலம் வாங்க?"

"படிவம் வேணும்."

"மத்த கணினியெல்லாம்?"

"எல்லாப் பொட்டலமும் ஒரே நாள்ல வாங்கினது அண்ணே. எல்லாம் நேத்தோட சரி."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதல் கவுன்ட்டர், இரண்டாம் கவுன்ட்டர், சுகாதாரப் பிரிவு, குப்பைப் பிரிவு, எல்லா இடத்திலும் கைகள் விசைப்பலகையிலிருந்து மெல்ல மேலே எழுந்தன. பேரூராட்சி நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், வெளியே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இரண்டே முக்கால் ஆனது. அப்பா என் காதில், "ஆ-ச்சிங், வீட்டுக்குப் போலாமா?" என்றார். அப்பா இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுப்புச் சட்டி காலில் விழுந்த அன்றைக்கும் இரண்டு ஆம்லெட் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனவர். நேராக ஷென்னிடம் போனேன்.

"சார், நாங்க குடுத்தாத்தானே லஞ்சம்? சாமி குடுத்தா?"

ஷென்னின் புருவம் இரண்டும் நெற்றிக்குப் போயின. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தலைவரும் சேர்ந்து புரட்டினார். கொடுப்பவருடைய விண்ணப்பம் எதுவும் நிலுவையில் இல்லாத பட்சத்தில் வாங்கலாம் என்று இருந்தது.

அலுவலக வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் நிலச்சாமி கோயில் இருக்கிறது. கோயில் என்றால் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் அளவு. உள்ளே வெள்ளைத் தாடியோடு சிரித்த முகமாகச் சாமி. நான் வாங்கி வந்த புதுப் பொட்டலத்தைப் படைத்து ஊதுபத்தி கொளுத்தினோம். பத்தி எரிந்து முடியும்வரை சாமி சாப்பிடுகிறார் என்று அர்த்தம். நடுவில் எடுத்தால் மரியாதையில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, "பாதிப் பத்தி கிடைக்குமா?" என்றார். கிடைக்கவில்லை. மூன்றே முக்காலுக்குப் பத்தி தீர்ந்தது.

இனி சாமியிடம் கேட்க வேண்டும். பிறைநிலா மாதிரி இரண்டு கட்டை. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. தரையில் போட்டால் ஒன்று தட்டையும் ஒன்று உருண்டையுமாக விழுந்தால் சம்மதம். இரண்டும் உருண்டை என்றால் மறுப்பு. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறார், மறுபடி கேட்க வேண்டும்.

ஷென் மண்டியிட்டார். பெயர், முகவரி, பிறந்த தேதி, அடையாள எண், பணியில் சேர்ந்த நாள் எல்லாம் சொன்னார். "எவ்விதக் கைம்மாறும் எதிர்பாராமல், மேற்படி பொட்டலம் ஒன்றை அலுவலகத்துக்கு வழங்கச் சம்மதமா?" என்று கிசுகிசுத்துக் கட்டையைப் போட்டார்.

இரண்டும் தட்டை.

மறுபடி போட்டார். தட்டை. மூன்றாம் முறை. ஒரு கட்டை விளிம்பில் நின்று சுழன்று சுழன்று, கடைசியில் அதுவும் தட்டை.

யூ-ஃபென் அக்கா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். "மூன்று முறையும் சாமி சிரித்தார்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதாதே!" என்றார் தலைவர். "மேலதிகாரிங்க படிப்பாங்க. 'இப்போதைக்குக் கருத்துக் கூறும் நிலையில் இல்லை'ன்னு எழுது."

அப்பா முன்னால் வந்தார். யாரையும் கேட்கவில்லை. கட்டையை எடுத்தார். மண்டியிட்டார்.

"சாமி, நான்தான் ஆம்லெட் ஆ-ஃபா. பதினோரு வருஷமா கக்கூஸ் பக்கத்துல அடுப்பு வெச்சிருக்கேன். உனக்கே தெரியும். இவங்க என்ன கேட்டாங்கன்னு எனக்குப் புரியலை, உனக்கும் புரிஞ்சிருக்காது. அந்தப் பொட்டலத்தைக் குடுத்துடு சாமி."

போட்டார். ஒன்று தட்டை, ஒன்று உருண்டை.

நாங்கள் குதித்தோம். தலைவர் குதிக்கவில்லை. "இனிமே முறைப்படி சாமியைப் பொருள் வழங்குநர் பட்டியல்ல சேக்கணும்," என்றார். கணினியைத் தொடக்கூடாது என்பதால் அதைத் தாளில் எழுத வேண்டியிருந்தது. ஆகவே முதலில் தாளுக்கு விலக்குக் கேட்டு ஒரு தாள். பிறகு படிவம். பெயர்: நிலச்சாமி. முகவரி: வண்டி நிறுத்துமிடம், பின்புறம். பிறந்த நாள்: இரண்டாம் மாதம், இரண்டாம் தேதி. வயது என்ற இடத்தில் இரண்டு கட்டம்தான் இருந்தது, ஆகவே தொண்ணூற்றொன்பது. பணியாளர் எண்ணிக்கை: காலடியில் இருக்கிற புலியைச் சேர்த்து இரண்டு.

நாலு இருபத்தைந்துக்குப் பொட்டலம் கணினியின் தலையில் ஏறியது. தலைவர், "இப்போது இக்கணினி நம்பத்தக்கது" என்று அறிவித்தார். கம்பி செருகப்பட்டது. போன் மறுபடி அதே கேள்வியைக் கேட்டது. பதிலை யார் அமுக்குவது என்பதில் சற்று விவாதம் நடந்து, மாற்றத்தின் சார்பில் தலைவரும், நேர்மையின் சார்பில் ஷென்னும், மூன்றாம் கவுன்ட்டரின் சார்பில் யூ-ஃபென் அக்காவும் சேர்ந்து அமுக்குவதென்று முடிவானது. மூன்று விரலும் ஒன்றாக இறங்கின. போன் மிரண்டு போய், தன் திரையைத் தானே ஒரு படம் எடுத்துக்கொண்டது.

நாலு நாற்பது. அப்பா மூன்று விரலையும் தள்ளிவிட்டுத் தன் கட்டைவிரலால் அமுக்கினார்.

நம்புகிறேன்.

படம் போய்ச் சேர இரண்டு விநாடி ஆனது.

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்தார். "வெற்றிகரமான மாற்றம்" என்ற தலைப்போடு போட, அப்பாவை நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். அப்பா பல்லைக் காட்டினார். அதற்குள் யூ-ஃபென் அக்கா திரையைப் பார்த்து மெல்ல, "ஆ-ஃபா அண்ணே," என்றார். "ஒரு சின்ன விஷயம். மொத்தம் ஒரு விண்ணப்பம்தான் வந்திருக்கு."

"அப்ப எனக்குத்தானே?"

"குறைஞ்சது மூணு இருக்கணும். மூணு இல்லைன்னா குலுக்கலே செல்லாது. முதல்லேருந்து அறிவிப்பு. அடுத்த வருஷ நிதியில."

வரிசையைத் திரும்பிப் பார்த்தோம். பின்னால் நின்ற பதினைந்து பேரும் போய்விட்டார்கள், ஒருவர்தான் மிச்சம். ச்சியூ அத்தை. அவரும் பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலையில், "இந்தப் பொம்பளை மட்டும் விண்ணப்பிக்காம இருந்தா நல்லாருக்கும்" என்று என் காதில் சொன்ன அப்பா, ஓடிப் போய் அவர் பையைப் பிடித்தார்.

"ச்சியூ அக்கா, விண்ணப்பம் போடுங்க."

"எனக்கெதுக்குப்பா? நீயே வெச்சுக்கோ."

"நீங்க போட்டாத்தான் எனக்குக் கிடைக்கும்!"

"எனக்கே கிடைச்சுட்டா?"

அப்பா எச்சில் விழுங்கினார். "கிடைச்சா... வாழ்த்துக்கள்."

"காலையிலேருந்து என்னை அக்கான்னு ஒரு தடவை கூப்பிட்டியா நீ?"

"அக்கா. அக்கா. அக்கா."

"சரி, சரி. போனைப் புடி, எனக்கு இதெல்லாம் தெரியாது."

அவர் படத்தை அப்பாவே தேடி எடுத்து, அப்பாவே செருகி, அப்பாவே நம்பி, அப்பாவே மாற்றினார். நாலு ஐம்பத்திரண்டு. இரண்டு விண்ணப்பம். தெருவில் எட்டிப் பார்த்தேன். ஒரு நாய்தான் படுத்திருந்தது. கடை இல்லாத நாய்.

"இன்னும் ஒரே ஒருத்தர்," என்று அப்பா தலையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார். கண் பளிச்சென்று ஆனது. "ஏன், சாமி இருக்காரே!"

"எந்தச் சாமி?" என்றார் தலைவர்.

"உங்க பட்டியல்லதான் இருக்கே. பேர் இருக்கு, முகவரி இருக்கு, பிறந்த நாள் இருக்கு, ஆள்கூட ரெண்டு பேர் இருக்காங்க. விண்ணப்பிக்க வேற என்ன வேணும்? சாமிக்கு எதுக்குங்க கடை? சும்மா எண்ணிக்கைக்குத்தானே!"

தலைவர் விதியைப் படித்தார். விண்ணப்பதாரர் உயிரோடு இருக்க வேண்டும் என்று இருந்தது. சாமி உயிரோடு இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. நேரில் வரவேண்டும் என்று இருந்தது. அலுவலக வளாகத்துக்குள்ளேயேதான் இருக்கிறார். பொட்டலம் கொடுத்தவர் விண்ணப்பிக்கலாமா என்று ஷென் இழுத்தார்; கொடுத்தபோது நிலுவையில் விண்ணப்பம் இல்லையே என்று அப்பா விதியை விதியால் அடித்தார். அப்பாவுக்கு இவ்வளவு நன்றாக இந்த மொழி வரும் என்று எனக்குத் தெரியாது.

நான் போனோடு பாய்ந்தேன். கோயிலை ஒரு படம். ஓடி வந்து செருகி, நம்பி, அனுப்பினேன். மணி நாலு ஐம்பத்தொன்பது.

ஐந்தே காலுக்குக் குலுக்கல். தேயிலை டப்பாவில் மூன்று சீட்டு. ஷென் கண்ணை மூடி, கையை விட்டு, ஒன்றை எடுத்தார். பிரித்தார். எப்போதும் போலக் கிசுகிசுத்தார். ஆனால் அந்த அறையில் அப்போது அது கேட்டது.

"நிலச்சாமி."

அப்பாதான் முதலில் பேசினார்.

"சாமி விட்டுக் குடுக்கலாமில்ல?"

"ஒதுக்கீட்டை மாத்தித் தர முடியாது," என்றார் யூ-ஃபென் அக்கா. குரலில் வருத்தம் இருந்தது. "மூணு வருஷத்துக்கு. ஒதுக்கீடு பெற்றவர் தினமும் சாயங்காலம் தானே கடையில இருக்கணும்."

சனிக்கிழமை சாயங்காலம் சாமியைச் சுமந்துகொண்டு வந்து மூலைக் கடையில் உட்கார்த்தினார்கள். மடக்கு மேசை, சிவப்புத் துணி, காலடியில் புலி. தலைவரே ரிப்பன் வெட்டினார். கணினியையே சமர்த்தாக்கிய சாமி என்ற பேச்சு ஒரே ராத்திரியில் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கடையில் விற்க ஒன்றும் இல்லை. ஆனால் முதல் பேருந்திலிருந்து இறங்கியவர் இரண்டாவது அடியை வைத்ததும் சாமியைப் பார்த்தார், போனை எடுத்துச் சாமி முன்னால் ஒரு நிமிஷம் வைத்தார், போனார். அவருக்குப் பின்னால் வந்தவரும் வைத்தார். மூன்றாவது பேருந்துக்குள் வரிசை உருவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போன பதினைந்து பேரும் அதில் இருந்தார்கள். ஷென் இருந்தார். விசைப்பலகையை அப்படியே பிடுங்கி எடுத்துக்கொண்டு குப்பைப் பிரிவு இருந்தது.

வரிசை நீண்டு, பப்பாளிப் பாலைத் தாண்டி, பொம்மைக் கடையைத் தாண்டி, ஏழு மணிக்குச் சந்தையின் மறுகோடியில் எங்கள் அடுப்புக்கு முன்னால் வந்து முடிந்தது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக எங்கள் கடை வாசலில் நகராத கூட்டம். பசித்த கூட்டம். மூக்கைப் பிடிக்கக்கூட மறந்த கூட்டம்.

"அப்பா! மாவைக் கரைங்க, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

அப்பா வரிசையைப் பார்த்தார். அது எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். கையை முன்துணியில் துடைத்து, போனை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"என்னப்பா இது?"

"கொஞ்ச நாளா மெதுவா ஓடுது. சும்மா ஒரு தடவை வெச்சு எடுத்துடலாம்."

அப்போது ஓர் அம்மா, கையில் குழந்தையோடு, எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றார். "இங்க சிப்பி ஆம்லெட் நல்லாருக்கும்னு சொன்னாங்களே, கிடைக்குமா?"

அப்பா திரும்பிப் பார்த்தார். நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"இப்ப இல்லைம்மா. கடைக்காரர் ஒரு அவசர மாற்றத்துக்காக வரிசையில இருக்கார். முதல்ல கடைசியில போய் நில்லுங்க."

அந்த அம்மாவும் ஒன்றும் கேட்காமல் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று, பையில் போனைத் தேட ஆரம்பித்தார்.